பழைய லேண்ட் ரோவருக்கு வயரிங் கட்டிய கதையும் கொஞ்சம் வரலாறும்



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். பிளைவுட் பலகை, அதில் வரிசையாக ஆணி, ஆணிகளுக்கு நடுவே கலர் கலராக வயர். "டீச்சர், ரிட்டயர்டு ஆன பிறகு எலக்ட்ரீஷியன் ஆகிட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டிருந்தான். என் சின்ன அண்ணியோ அது ஏதோ புது மாதிரிக் கூடை பின்னல் என்று நினைத்துவிட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சமூக அறிவியல் டீச்சர் எழுதினால் வரலாறு வராமல் இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி மேட்டுப்பாளையத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அவனிடம் வந்த வண்டி 1959-ஆம் ஆண்டு லேண்ட் ரோவர். சீரிஸ் 2, 88 அங்குல வீல்பேஸ், 2286 சிசி பெட்ரோல் எஞ்சின். ஒரு காலத்தில் மலையில் தேயிலை எஸ்டேட்டில் ஓடியது. இப்போது கோத்தகிரிப் பக்கம் ஒரு பெரியவரிடம் இருக்கிறது. ஒரு ராத்திரி அவர் மனைவியையும் பேரனையும் ஏற்றிக்கொண்டு வரும்போது, கொண்டை ஊசி வளைவில் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை கிளம்பியிருக்கிறது. ஹெட்லைட் அணைந்துவிட்டது. பெரியவர் பதறாமல் வண்டியை மலைச்சுவர் ஓரம் நிறுத்தி, பேட்டரி டெர்மினலைக் கையால் பிடுங்கிப் போட்டிருக்கிறார். உள்ளங்கையில் காயத்தோடு போயிற்று. வீட்டில் எல்லோரும் ஒரே பிடியாக "வண்டியைப் பழைய இரும்புக்குப் போடுங்கள்" என்றார்கள். அவர் தம்பியிடம் கொண்டுவந்து விட்டு, "ராத்திரியில் என் பேரனை நம்பி ஏற்றலாம் என்று நீ சொன்னால் வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் இங்கிருந்தே இரும்புக் கடைக்குப் போகட்டும்" என்றாராம்.

புது வயரிங் செட் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். விலை, கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் கூட்டிப் பார்த்ததில் அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே நாமே கட்டுவோம் என்று தம்பி முடிவு செய்தான். அவன் கை வேலைக்காரன், ஆனால் எழுத்து வேலை என்றால் காத தூரம் ஓடுவான். அந்த வேலைக்குத்தான் அக்கா.

வயரிங் லூம் என்பது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பேட்டரியிலிருந்து லைட், ஹார்ன், வைப்பர், பெட்ரோல் மீட்டர் என்று போகிற வயர்களைத் தனித்தனியாகத் தொங்கவிடாமல், ஒரே கட்டாகச் சேர்த்து, போகிற வழியில் எங்கெங்கே கிளை பிரிய வேண்டுமோ அங்கங்கே பிரித்து, மேலே உறை சுற்றி வைத்திருப்பது. ஆங்கிலத்தில் லூம் என்றால் தறி. இன்னொரு பெயர் ஹார்னஸ், அதாவது குதிரைக்குப் பூட்டும் சேணம். ஒரு பெயர் நெசவிலிருந்து, இன்னொன்று குதிரை வண்டியிலிருந்து. பெட்ரோல் வண்டிக்கு எந்தக் காலத்துச் சொற்கள் வந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன பாருங்கள்.

நெசவு என்பது வெறும் பெயரளவில் இல்லை. அந்தக் காலத்து லூமுக்கு மேலுறை பருத்தி நூல்தான். பின்னல் எந்திரத்தில் நூல்கண்டுகள் ஒன்றுக்கொன்று எதிராக, ஒன்றன் உள்ளும் வெளியுமாக வளைந்து வளைந்து சுற்றும். நடுவில் வயர் கட்டு மேலே ஏறிக்கொண்டே போகும். நம் ஊர்த் திருவிழாவில் உச்சியில் ரிப்பன் கட்டி ஆடுகிற பின்னல் கோலாட்டம் நினைவிருக்கிறதா? அதே அசைவு. ஐரோப்பாவிலும் கம்பம் நட்டு ரிப்பன் பிடித்து ஆடும் மேபோல் என்ற ஆட்டம் உண்டு. இந்த எந்திரத்துக்கே அங்கே மேபோல் பின்னல் எந்திரம் என்றுதான் பெயர். பின்னிய உறைக்கு மேல் அரக்கு மாதிரி ஒரு வார்னிஷ் பூசுவார்கள், எண்ணெயும் ஈரமும் ஊறாமல் இருக்க.

காருக்கு இத்தனை வயர் எப்படி வந்தது? ஆரம்பத்தில் கார்களில் வயரே கொஞ்சம்தான். விளக்கு அசெட்டிலின் வாயுவில் அல்லது மண்ணெண்ணெயில் எரிந்தது. எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பினார்கள். 1912-இல் அமெரிக்காவின் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. செல்ஃப் வந்தால் பெரிய பேட்டரி வேண்டும். பேட்டரி வந்தால் அதைச் சார்ஜ் செய்ய டைனமோ வேண்டும். மின்சாரம்தான் வண்டியிலேயே இருக்கிறதே என்று விளக்கு, ஹார்ன், வைப்பர் எல்லாம் ஒவ்வொன்றாக அதில் வந்து தொற்றிக்கொண்டன. ஒரு பக்கம் ஃபோர்டு கம்பெனி 1913-இல் நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்துவிட்டது. வரிசையில் நிற்கும் தொழிலாளி ஒவ்வொரு வண்டிக்கும் உட்கார்ந்து வயர் அளந்து வெட்டிக்கொண்டிருக்க முடியுமா? வேறோர் இடத்தில் பலகைமேல் கட்டித் தயாராக வந்துவிட வேண்டும். அந்தப் பலகையில் வயர் வளைகிற இடத்திலெல்லாம் ஓர் ஆணி இருக்கும். இன்றைக்கும் கார்த் தொழிற்சாலைகளில் எத்தனையோ வேலையை ரோபோ செய்கிறது. ஆனால் ஹார்னஸ் மட்டும் பெரும்பாலும் மனிதக் கையால்தான் கட்டப்படுகிறது. அதிலும் பெண்கள் கைதான் அதிகம். எஞ்சினைக் கண்டுபிடித்தவர் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இந்த வயரைக் கட்டியவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. எனக்கு அதில் எப்போதும் ஒரு வருத்தம் உண்டு.

இனி லேண்ட் ரோவருக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். இங்கிலாந்தின் ரோவர் கம்பெனியில் தொழில்நுட்பத் தலைமையில் இருந்தவர் மாரிஸ் வில்க்ஸ். வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் இருந்த தம் பண்ணையில், போரில் மிஞ்சிய அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் நாமே ஒன்று செய்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. 1947-இல் செய்த முதல் மாதிரி வண்டிக்கே ஜீப்பின் சேஸிஸைத்தான் பயன்படுத்தினார்கள். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வெளியானது. போருக்குப் பிறகு இங்கிலாந்தில் இரும்புக்குப் பங்கீடு. அதனால் பாடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். துருப்பிடிக்காத வண்டி என்று பிற்காலத்தில் பெருமையாகச் சொல்லப்பட்டது உண்மையில் தட்டுப்பாட்டில் பிறந்தது.

அந்த அலுமினியம்தான் வயரிங் கட்டுபவனுக்குத் தலைவலி. காரில் ஒவ்வொரு லைட்டுக்கும் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு வயர் ஓடாது. போவதற்கு மட்டும்தான் வயர். திரும்பி வருவது வண்டியின் உடம்பு வழியாக. இதைத்தான் பாடி எர்த் என்கிறோம். அலுமினியத் தகட்டில் இரும்பு போல்ட்டைப் போட்டு எர்த் எடுத்தால், ஈரம் பட்டவுடன் இரண்டு உலோகத்துக்கும் நடுவில் அரிப்பு வரும், வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். அந்த வெள்ளைப் பொடி மின்சாரத்தை விடாது. பழைய லேண்ட் ரோவரில் லைட் மங்கலாக எரிந்தால் பத்தில் பாதி நேரம் குற்றவாளி பல்பும் இல்லை, பேட்டரியும் இல்லை. எர்த் போல்ட்தான்.

இந்த வண்டியின் மின்சாரச் சாமான் முழுக்க லூகாஸ் கம்பெனியுடையது. பர்மிங்ஹாமில் ஜோசப் லூகாஸ் என்பவர் மண்ணெண்ணெய் விற்றுத் தொடங்கிய வியாபாரம். பிறகு விளக்கு செய்தார். 1870-களின் கடைசியில் அவர் சைக்கிளுக்குச் செய்த விளக்கின் பெயர் 'கிங் ஆஃப் தி ரோடு', சாலையின் ராஜா. சென்னை வாசிகளுக்கு லூகாஸ் என்றால் பாடி பஸ் ஸ்டாப்தான் நினைவுக்கு வரும். 1961-இல் லூகாஸும் டிவிஎஸ் குழுமமும் சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலை அது. பிரிட்டிஷ் வண்டிப் பிரியர்கள் மத்தியில் ஜோசப் லூகாஸுக்கு 'இருளின் இளவரசர்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. லைட் அடிக்கடி அணைந்துவிடுமாம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஏனென்று கேளுங்கள்.

பழைய லூமை நாங்கள் முழுசாகக் கழற்றித் தரையில் போட்டோம். எடுத்த எடுப்பில் வெட்டி எறியக் கூடாது, அது ஒன்றுதான் நமக்கு மூலச்சுவடி. ஓலைச்சுவடியைப் பெயர்த்து எழுதுபவர் பழைய ஏட்டை முதலில் வரிசைப்படுத்துவார் அல்லவா, அது மாதிரி. மேலே சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிரிக்கப் பிரிக்க, கீழடியில் குழி வெட்டுவதுபோல அடுக்கு அடுக்காக வந்தது. முதல் அடுக்கில் பிளாஸ்டிக் டேப். அதற்குக் கீழே வீட்டுக்குப் போடும் முறுக்கு வயர் ஒரு துண்டு. இன்னோர் இடத்தில் இணைப்புக்கு மேல் சைக்கிள் வால்வ் டியூப் மாட்டியிருந்தது. இளையவர்களுக்குத் தெரியாது, அந்தக் காலத்தில் ஸ்லீவ் கிடைக்காத ஊரில் வால்வ் டியூப்தான் ஸ்லீவ். லாரியில் இருந்து எடுத்த இண்டிகேட்டர் சுவிட்ச் ஒன்று. ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தால் கண்ணாடிக் குழாய்க்கு மேல் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அடியில், அறுபது வருஷத்துக்கு மேலாகியும் பின்னல் பிரியாமல், அந்தப் பருத்தி உறை.

இப்போது சொல்லுங்கள், புகை வந்ததற்கு லூகாஸ் என்ன செய்வார்? ஆனாலும் அவர்களைக் குறை சொல்ல ஓர் இடம் இருக்கிறது. இந்த வண்டிக்கு மொத்தமே இரண்டு ஃப்யூஸ். ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸே கிடையாது. அப்போது அது வழக்கம்தான். ராத்திரியில் ஃப்யூஸ் போய் ஒரேயடியாக இருட்டாவதைவிட ஃப்யூஸ் இல்லாமலிருப்பது மேல் என்ற கணக்கு என்கிறார்கள். வயர் புதிதாக இருக்கும்வரை அந்தக் கணக்கு சரி. தகட்டில் ஓட்டை வழியாக வயர் நுழைகிற இடத்தில் ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். நம் வண்டியில் அந்த ரப்பர் எப்போதோ இற்றுப் போயிருந்தது. தகட்டின் விளிம்பு வயரை வருஷக்கணக்கில் அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. செம்பு தகட்டைத் தொட்ட அன்றைக்கு, நடுவில் தடுக்க எதுவும் இல்லாமல் பேட்டரியின் முழு மின்சாரமும் அந்த ஒரு வயரில் பாய்ந்து, அது அயர்ன் பாக்ஸ் காயில் மாதிரி ஆகிவிட்டது. பெரியவர் பிடுங்கியது பத்து விநாடி தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இனி எனக்கும் தம்பிக்கும் நடந்த சண்டை. தம்பி கடைக்குக் கிளம்பும்போது, "சிவப்பு ஒரு ரோல், கறுப்பு ஒரு ரோல் போதும்க்கா. எல்லாத்துலயும் ஓடப் போறது ஒரே கரண்ட்தானே" என்றான். நம் ஊர்ப் பட்டறைகளில் அப்படித்தான் கட்டுகிறார்கள். கட்டியவனுக்கு நினைவிருக்கும்வரை பிரச்சினை இல்லை. நான் விடவில்லை. ஏனென்றால் அந்த நிறங்கள் அலங்காரம் அல்ல, எழுத்து.

போருக்கு முன்பே லூகாஸ் வகுத்து, பிறகு பிரிட்டிஷ் தர நிர்ணயமாகவே ஆகிப்போன முறை அது. பழுப்பு நிறம் என்றால் பேட்டரியிலிருந்து நேராக, ஃப்யூஸ் இல்லாமல், எப்போதும் உயிரோடு இருக்கும் வயர். வெள்ளை என்றால் சாவி போட்டால் உயிர் வரும், ஃப்யூஸ் இல்லை. பச்சை என்றால் சாவியும் வேண்டும், ஃப்யூஸும் தாண்டி வந்தது. ஊதா எப்போதும் உயிரோடு இருக்கும், ஆனால் ஃப்யூஸ் வழியாக. சிவப்பு பார்க்கிங் விளக்கும் பின் விளக்கும். நீலம் ஹெட்லைட். கறுப்பு எர்த். இது அடிநிறம். இதன்மேல் மெல்லிய கோடாக இன்னொரு நிறம் ஓடும். நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். பச்சையில் ஊதாக் கோடு பிரேக் லைட். பச்சையில் சிவப்பு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளை வலது. உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் சேர்ந்து உயிர்மெய் ஆகிறதல்லவா, ஏறக்குறைய அந்தத் தர்க்கம்தான். அடிநிறம் குடும்பத்தைச் சொல்லும், கோடு ஆளைச் சொல்லும். இதைப் படிக்கத் தெரிந்தவன் இந்த வண்டியை முன்பின் பார்த்திராவிட்டாலும் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பழுது பார்த்துவிடுவான்.

வரைபடத்தில் நிறங்களை ஒற்றை எழுத்தால் குறிப்பார்கள். அங்கே ஒரு வேடிக்கை. ஆங்கிலத்தில் பிளாக், ப்ளூ, பிரவுன் மூன்றும் 'பி' எழுத்தில் தொடங்குகின்றன. என்ன செய்வது? 'பி'யைப் பிளாக்குக்குக் கொடுத்துவிட்டு, ப்ளூவுக்கு அதன் நடுவில் உள்ள 'யு'வையும், பிரவுனுக்கு அதன் கடைசி எழுத்தான 'என்'னையும் கொடுத்துவிட்டார்கள். தம்பி இருபத்தைந்து வருஷமாக 'என்' என்றால் நியூட்ரல் என்று நினைத்துக்கொண்டிருந்தானாம்! அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஜெர்மன்காரர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்கள் வயர் போய்ச் சேருகிற முனைக்கு எண் கொடுத்தார்கள். 30 என்றால் பேட்டரி, 15 என்றால் சாவி வழியாக வருவது, 31 என்றால் எர்த். இன்றைக்கு நம் ஊர்க் கடையில் நீங்கள் வாங்கும் எந்த ரிலேயின் அடியிலும் 30, 85, 86, 87 என்று இருக்கும். இது தம்பிக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆகையால் எங்கள் லூமில் இரண்டு மொழியும் இருக்கிறது. ஆங்கிலேயரின் நிறமும் ஜெர்மானியரின் எண்ணும்.

வேலை இப்படி நடந்தது. எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை. பழைய லூமை அதன்மேல் நீட்டிவைத்து, ஒவ்வொரு கிளைக்கும் சாக்பீஸால் கோடு போட்டு, வளைவில் ஆணி அடித்தோம். பிறகு ஒவ்வொரு வயரின் இரண்டு முனைக்கும் அட்டை கட்டி எண் போட்டேன். ஆசிரியர் பயிற்சியில் சார்ட் எழுதிப் பழகிய கை இதற்கு உதவியது. நோட்டில் ஐந்து பத்தி: எண், நிறம், எங்கிருந்து, எங்கே, நீளம். 43 வயர். நிறம் கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. வெப்பமும் எண்ணெயும் சேர்ந்து பழுப்பு, ஊதா, சிவப்பு மூன்றையும் ஒரே நிறமாக்கிவிட்டிருந்தன. ரப்பர் வளையத்துக்கு அடியிலும் கிளிப் பிடித்த இடத்திலும் மட்டும் அசல் நிறம் தப்பிப் பிழைத்திருந்தது. அதிலும் சந்தேகம் வந்தால் மல்ட்டிமீட்டரில் இந்த முனையையும் அந்த முனையையும் தொட்டு 'பீப்' கேட்டு உறுதி செய்தோம்.

தடிமனும் எழுதப்பட்டிருக்கிறது. பழைய வரைபடத்தில் 14/0.012 என்று இருக்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு குறுக்களவுள்ள இழை 14 என்று பொருள். மெட்ரிக் வந்தபிறகு அதையே 14/0.30 என்று எழுதினார்கள். இழை அதே இழை, அளவுகோல் மட்டும் மாறிற்று. 14 இழை சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு சதுர மில்லிமீட்டர். சின்ன விளக்குகளுக்கு அது போதும். ஹெட்லைட்டுக்கு 28 இழை, டைனமோவுக்கு 44. அந்த டைனமோ கொடுப்பது அதிகபட்சம் 20 ஆம்பியர் அளவுதான் என்றாலும் வயரைத் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். நம் கடைகளில் 1, 1.5, 2.5, 4 சதுர மில்லிமீட்டர் என்று கிடைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு படி மேலே எடுத்துக்கொண்டோம்.

ஏன் தாராளம் வேண்டும் என்பதை ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன், கணக்கு டீச்சர் மன்னிக்கட்டும். 60 வாட் பல்பு இரண்டு, 12 வோல்ட். 120-ஐ 12-ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு, நாலு மீட்டர் நீளம் என்றால் வழியிலேயே ஏறக்குறைய 0.7 வோல்ட் போய்விடும். அதாவது ஐந்து சதவீதத்துக்கும் மேல். ஐந்து சதவீதம்தானே என்று விடக்கூடாது. மின்னழுத்தம் ஐந்து சதவீதம் குறைந்தால் இழை பல்பின் வெளிச்சம் பதினைந்து சதவீதம் அளவுக்குக் குறையும். மலைப்பாதையில் மாடு நிற்பது தெரிவதும் தெரியாததும் அந்தப் பதினைந்தில் இருக்கிறது.

கோடு போட்ட வயர் கோயம்புத்தூரில் தேடியும் எல்லா ஜோடியிலும் கிடைக்கவில்லை. டிராக்டருக்கு ஹார்னஸ் கட்டும் ஒரு சின்னப் பட்டறையில் சிலது கிடைத்தது. மிச்சத்துக்கு அடிநிற வயரை வாங்கி, கோட்டு நிறத்தில் சூட்டில் சுருங்கும் ஸ்லீவை வளையம் வளையமாக இரண்டு முனையிலும் நடுநடுவிலும் போட்டேன். பார்ப்பதற்கு வளையல் அடுக்கியதுபோல இருந்தது. படத்தில் நீங்கள் பூந்தோட்டம் என்று நினைத்தது அதைத்தான்.

மேலுறைக்கு என்ன செய்வது? பின்னல் எந்திரம் நம்மிடம் இல்லை. ஒட்டும் பிளாஸ்டிக் டேப் நம் வெயிலுக்குப் பிசுபிசுத்துப் போகும். மோட்டார் காயில் கட்டும் கடையில் பருத்தி நாடாவும் வார்னிஷும் வைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தட்டியது. பம்ப்செட் மோட்டார் சூட்டையே தாங்குகிற சாமான். நாடாவைப் பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றி, கிளை பிரிகிற இடத்தில் மெழுகு நூலால் முடிச்சுப் போட்டு, மேலே வார்னிஷ் பூசி ரெண்டு நாள் நிழலில் காயவிட்டோம். பழைய பருத்தி உறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பர்மிங்ஹாம் வித்தையைப் பம்ப்செட் காயில் கடையில் கண்டுபிடித்தோம் என்று தம்பி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

பின் விளக்குக்குப் போகும் கட்டு சேஸிஸ் சட்டத்தின் உள்ளே புகுந்து பின்னால் வருகிறது. பழையதை உருவும்போதே அதன் வாலில் கயிறு கட்டி உருவ வேண்டும். பிறகு அந்தக் கயிற்றில் புதியதைக் கட்டி இழுக்க வேண்டும். பாவாடை நாடா கோத்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அசலிலிருந்து மூன்று இடத்தில் விலகினோம். ஹெட்லைட்டுக்கு ரிலேயும், பிரைட்டுக்கும் டிம்முக்கும் தனித்தனி ஃப்யூஸும் போட்டோம். அலுமினியத்தை நம்பாமல் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் கறுப்பு வயரைத் தனியாக இழுத்துச் சேஸிஸில் இரண்டே இடத்தில் எர்த் கொடுத்தோம். மூன்றாவது கொஞ்சம் விவகாரமானது. இந்த வண்டி பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். அப்போது அரிப்புக்கு அதுதான் நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. 1960-களில் டிரான்சிஸ்டர் ரேடியோவும் ஆல்ட்டர்னேட்டரும் வந்தபின் நெகட்டிவ் எர்த்துக்கு எல்லோரும் மாறிவிட்டார்கள். பேரனுக்கு செல்போன் சார்ஜர் வேண்டுமாம். சார்ஜருக்கு நெகட்டிவ் எர்த்தான் வேண்டும்! ஆகவே பேட்டரியைத் திருப்பி, அம்மீட்டரிலும் காயிலிலும் வயரை இடம் மாற்றி, டைனமோவின் ஃபீல்டு முனையில் பேட்டரி வயரை ஒரு நொடி தொட்டு அதன் காந்தத்தைப் புதுத் திசைக்குப் பழக்கினான் தம்பி. செல்ஃப் மோட்டார் தலைகீழாகச் சுற்றாதா என்று கேட்டேன். சுற்றாது. அதில் ஃபீல்டு, ஆர்மேச்சர் இரண்டும் ஒரே நேரத்தில் திரும்புவதால் சுழலும் திசை அதேதான். இந்த இடத்தில் அவன் எனக்கு வாத்தியார் ஆகிவிட்டான்.

பேட்டரியை முதன்முதலாகக் கொடுக்கும்போது நேராகக் கொடுக்கவில்லை. நடுவில் ஒரு ஹெட்லைட் பல்பைத் தொடராகச் சேர்த்தோம். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், வயர் தப்பிக்கும். எரியவில்லை. பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்து, ராத்திரி எட்டு மணிக்குப் பட்டறைச் சுவரில் இரண்டு வட்டம் வெளிச்சம் விழுந்தது. பெரியவர் கட்டுப் போட்டிருந்த கையோடு வந்து பார்த்தார். தம்பி அவரிடம் "ஏத்தலாம் ஐயா" என்றான். அவர் மறுநாள் சாயங்காலமே பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து, இருட்டும்வரை வேண்டுமென்றே காத்திருந்து, அதற்குப் பிறகுதான் மலை ஏறினார்.

மேற்கு வங்காளத்தில், நேபாள எல்லையில் மானேபஞ்சாங் என்று ஓர் ஊர். அங்கிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்ஃபூவுக்கு 1950-களின் லேண்ட் ரோவர்கள் இன்றும் பயணிகளை ஏற்றிப் போகின்றன. எஞ்சின் மாற்றி, கிடைத்ததை வைத்துக் கட்டி ஓட்டுகிறார்கள். வாழ்நாளில் ஒருமுறையாவது அங்கே போய், டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து என்ன நிற வயர் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை. தம்பி டிக்கெட் போடுகிறேன் என்கிறான், பார்ப்போம்.

43 வயரின் பட்டியலை மூன்று படி எழுதினேன். ஒன்று லேமினேட் செய்து வண்டியின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஒன்று பட்டறையில். ஒன்று என்னிடம். பழைய லூம் சாக்குப் பையில் பரண்மேல் பத்திரமாக இருக்கிறது. பலகையையும் ஆணியோடு அப்படியே வைத்திருக்கிறோம். உங்களில் யாருக்காவது, அல்லது உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது, சீரிஸ் 2 வண்டி இருந்தால் கீழே எழுதுங்கள். பட்டியலைப் படம் எடுத்து அனுப்புகிறேன். இண்டிகேட்டர் பகுதி மட்டும் எங்கள் வண்டியில் பிற்காலத்தில் சேர்த்தது. உங்கள் வண்டியில் வேறு மாதிரி இருக்கலாம், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.